பிராசசரை மாற்றலாமா, செட்டையே மாற்றலாமா?

சனிக்கிழமை சாயங்காலம், காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. ஸ்கூட்டரின் முன்பக்கம் பழைய போர்வை சுற்றிக் கொண்டுவந்த கேபினெட்டை அப்பாவும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேஜைமேல் இறக்குகிறார்கள். பக்கத் தகட்டைக் கழற்றிய கடைப் பையன் ஒரு நொடி அப்படியே நிற்கிறான். பிராசசர் மேலிருக்கும் ஃபேனுக்கு அடியில், ஹீட் சிங்க் தகடுகளின் இடுக்கெல்லாம் பஞ்சு அடைத்துக் கிடக்கிறது. வீடு அவிநாசிப் பக்கம். பின்சந்தில் பனியன் கம்பெனி.

"கேம் ஓடறப்ப டக்டக்குனு நிக்குதுங்ணா. பிராசசர் மாத்தோணும்" என்கிறான் மகன்.

அப்பா விடவில்லை. "ஏனுங்க தம்பி, வாங்கி எட்டு வருசந்தான் ஆச்சு. தோட்டத்துல மோட்டார் இருவது வருசமா ஓடுது. இது ஓடாதுங்களா?"

"ஓடுமுங்க. மொதல்ல இந்தப் பஞ்சை எடுத்துட்டுப் பாக்கலாம்."

ஊதிச் சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவி ஓட்டியபோது பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. மீதிப் பாதிக்குத்தான் பணம் போடுவதா வேண்டாமா என்ற கேள்வி.

இந்தக் கேள்வி இப்போது கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று எல்லா ஊர்க் கடைகளிலும் கேட்கிறது. 2017 முதல் 2020 வரை, கல்லூரி சேர்ந்த பிள்ளைக்கு என்று அசெம்பிள் பண்ணிக் கொடுத்த செட்டுகளுக்கெல்லாம் ஒரே சமயத்தில் வயதாகிவிட்டது. ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கி, ராத்திரியில் வேலரண்ட் ஓடிய செட்டுகளும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டன. 2025 அக்டோபர் 14-ம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதே மாதத்தோடு ஜி.டி.எக்ஸ். 900, 1000 வரிசை கிராபிக்ஸ் கார்டுகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா முடித்துக்கொண்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். அதற்கடுத்த வாரங்களில் ராம் விலை ஏறத் தொடங்கியது. டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளில் பிராசசர்மேல் பழி விழுவது அளந்து பார்க்காமல்தான். அளந்த பிறகும் அதுதான் தடை என்று தெரிந்தால், இருக்கிற மதர்போர்டில் உட்காரும் நல்ல பிராசசரைப் போடுவதே இந்த வருடத்துக்குச் சரியான செலவு. போர்டும் ராமும் சேர்த்து மொத்தமாக மாற்றுவது, அந்த செட்டால் சம்பாதிக்கிறவர்களுக்கு மட்டும் கட்டுப்படியாகும்.

தேய்ந்தது எது?

அப்பா கேட்ட கேள்வி நியாயமானது, அதற்குப் பதிலும் இருக்கிறது. பிராசசர் பேரிங் மாதிரித் தேய்வதில்லை. 2017-ல் ஒரு நொடிக்கு எத்தனை கணக்குப் போட்டதோ, சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டால் இன்றைக்கும் அத்தனை போடும். அன்னூர், அவிநாசிப் பக்கத்து விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 300 அடியில் தண்ணீர் இருந்த காலத்தில் இறக்கிய மோட்டார், நீர்மட்டம் 1000 அடிக்குப் போன பிறகு இழுக்கவில்லை என்றால் மோட்டார் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. ஆழம் கூடிவிட்டது.

கேம்களின் ஆழம் கூடியதற்குத் தெளிவான காரணம் உண்டு. 2013-ல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் இருந்த பிராசசர் அன்றைக்கே மெதுவானது. பெரிய கேம் நிறுவனங்கள் அதில் ஓடும்படியே கேம்களை எழுதியதால், வீட்டு செட்டில் நான்கு கோர் இருந்தாலே தாராளமாக இருந்தது. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5-ல் எட்டு கோர் ரைசன் வகைப் பிராசசர் உட்கார்ந்தது. பழைய கன்சோலுக்கும் சேர்த்துக் கேம் செய்வது மெல்லமெல்ல நின்றதும், நான்கு கோர், நான்கு த்ரெட் கொண்ட ஐ5-7400, ஐ5-7500 செட்டுகள் ஒரேயடியாக மூச்சு வாங்க ஆரம்பித்தன. 2017 ஜனவரியில் நம்பி வாங்கிய பிராசசரை 2023-ல் கேம் உலகம் தாண்டிப் போய்விட்டது. வாங்கியவர்மேல் இதில் ஒரு தவறும் இல்லை.

முதலில் அளந்து பாருங்கள்

கேம் எப்போதும் ஓடும் ரெசல்யூஷனில் வினாடிக்கு எத்தனை ஃபிரேம் வருகிறது என்று பாருங்கள். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள் திரையின் மூலையிலேயே அதைக் காட்டும். பிறகு ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால், இவ்வளவு நேரம் திணறியது கிராபிக்ஸ் கார்டு. ஏறவே இல்லை என்றால் பிராசசர்தான் தடை. கார்டுக்கு வேலையைப் பாதியாகக் குறைத்தும் பலனில்லை என்றால், கார்டு பிராசசருக்காகக் காத்திருக்கிறது என்றுதானே அர்த்தம்.

சராசரியை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி வினாடி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவருக்கு 6.9 மில்லி வினாடிதான். சராசரி 80 என்று காட்டும், ஆனால் எதிராளி வீட்டுக்குள் குண்டு வீசும் அந்த நொடியில் 25-க்கு இறங்கும். அந்தப் பையன் சொன்ன 'டக்டக்' அதுதான். ஆஃப்டர்பர்னரில் 1 சதவீதத் தாழ்வு என்றொரு எண் உண்டு. மோசமான தருணங்களில் செட் எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்வது அந்த எண். பழைய நான்கு கோர் பிராசசர்களை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

அளக்கும்போதே வெப்பத்தையும் பாருங்கள். ரைசன் 5000 வரிசைப் பிராசசர்கள் 90, 95 டிகிரியைத் தொட்டால் தாங்களாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்டெல் பெரும்பாலும் 100-ல் குறைக்கும். சித்திரையில் அறையே 36, 37 டிகிரி காயும் ஊரில், ஹீட் சிங்கில் பஞ்சும் அடைத்திருந்தால் அந்த எல்லை வெகு சீக்கிரம் வந்துவிடும். சோமனூர், பல்லடம் விசைத்தறி வீதிகளிலும் திருப்பூர் சந்துகளிலும் குடியிருப்பவர்கள் இதை வருடத்துக்கு இரண்டு முறை சுத்தம் செய்யும் வேலையாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, நம் ஊர் அசெம்பிள் செட்டுகளில் அடிக்கடி பார்ப்பது: ஒரே ஒரு 8 ஜி.பி. ராம். போர்டில் பக்கத்து இடம் காலியாகவே கிடக்கும். ஒற்றை ராம் போட்டால் பிராசசருக்குத் தரவு வந்து சேரும் பாதை பாதியாகிறது. ரைசன் செட்டுகளில் இதன் பாதிப்பு அதிகம். 3200 வேகம் என்று அட்டையில் அச்சிட்ட ராம், பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை இயக்காததால் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருப்பதும் சகஜம். வாங்கிய நாள் முதல் காசு கொடுத்த வேகத்தைப் பயன்படுத்தாமலே இருந்திருப்பார்கள். இதைச் சரிசெய்ய ஒரு பைசா செலவில்லை.

இவ்வளவையும் பார்த்த பிறகும் பிராசசர்தான் தடை என்றால் மேலே படியுங்கள்.

> பெட்டிச் செய்தி: உங்கள் போர்டுக்கு என்ன வழி?
>
> ரைசன் 1000, 2000, 3000 (ஏ.எம்.4 சாக்கெட்): அதிர்ஷ்டமான வீடு. பயாஸ் அப்டேட் செய்து ரைசன் 5 5600 அல்லது 5700எக்ஸ் வரை போகலாம். ஏ320, பி350 போன்ற பழைய போர்டுகளுக்கு அந்தப் போர்டு நிறுவனத்தின் பட்டியலைப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.
>
> இன்டெல் 6, 7-ம் தலைமுறை: அந்தப் போர்டில் உச்சம் ஐ7-7700கே. அதோடு வழி முடிகிறது. 8-ம் தலைமுறைக்கும் சாக்கெட்டின் பெயர் அதே 1151தான், ஆனால் பழைய போர்டில் வேலை செய்யாது.
>
> இன்டெல் 8, 9-ம் தலைமுறை: செகண்ட் ஹேண்டில் ஐ7-8700 கிடைத்தால் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். ஹெச்310 போன்ற சிறிய போர்டுகள் கூடுதல் மின்சாரத்தைத் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
>
> இன்டெல் 10-ம் தலைமுறை: ஹெச்410, பி460 போர்டுகளில் 11-ம் தலைமுறை ஓடாது. 10-க்குள்ளேயே மேலே போகலாம்.
>
> இன்டெல் 12-ம் தலைமுறை: அவசரம் ஒன்றும் இல்லை. 14 வரை அதே சாக்கெட்.

ஒரு சாக்கெட் காப்பாற்றிய வீடுகள்

2017 மார்ச்சில் முதல் ரைசன் வந்தபோது, ஏ.எம்.4 என்ற அந்தச் சாக்கெட் இத்தனை காலம் நிற்கும் என்று வாங்கியவர்கள் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அதே சாக்கெட்டுக்கு 2019-ல் 3600, 2020-ல் 5600எக்ஸ், 2022 ஏப்ரலில் 5600-ம் 5800எக்ஸ்3டி-யும், 2024 ஜனவரியில் 5700எக்ஸ்3டி-யும் வந்தன. பழைய 300 வரிசை போர்டுகளிலும் 5000 வரிசை ஓட ஏ.எம்.டி. 2022-ல் வழிவிட்டது.

இதனால் கிடைப்பது சின்ன முன்னேற்றமில்லை. ரைசன் 5 1600-ன் உச்ச வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ், 5600-க்கு 4.4. அதற்கும் மேலே, ஒரே வேகத்தில் செய்யும் வேலையின் அளவை மூன்றாம் கட்டத்தில் 15 சதவீதமும் நான்காம் கட்டத்தில் 19 சதவீதமும் கூட்டியதாக ஏ.எம்.டி. கணக்குச் சொன்னது. கோர் இரண்டிலும் ஆறுதான், மின்செலவும் அதே 65 வாட் வகுப்புதான். பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய ஒரு பொருளை மட்டும் மாற்றி, கேபினெட், போர்டு, ராம், எஸ்.எம்.பி.எஸ். எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்ள முடிகிறது. பெயரில் எக்ஸ்3டி உள்ளவற்றில் 96 எம்.பி. கேஷ் இருப்பதால் கேமில் இன்னும் ஒரு படி மேல். ஆனால் அவை கடைகளில் அரிதாகிவிட்டன. நியாயமான விலைக்குப் பில்லோடு கிடைத்தால் தயங்க வேண்டாம். தேடித் தேடி இரண்டு மடங்கு கொடுக்கவும் வேண்டாம்.

இன்டெல் 6, 7-ம் தலைமுறை வைத்திருப்பவர்களின் நிலைமைதான் உண்மையில் வருத்தமானது. ஐ7-7700 தேடிப் பிடித்துப் போட்டால் நான்கு கோர் எட்டு த்ரெட்டாகி திணறல் குறையும்; ஆனால் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் பிராசசர்களின் பட்டியலில் அதுவும் இல்லை. அந்த வீடுகளுக்கு என் யோசனை, செகண்ட் ஹேண்ட் 7700-க்குப் பெரிய தொகை கொடுக்காதீர்கள் என்பதே. இருக்கிறதை வைத்து ஓட்டி, பணத்தைச் சேர்த்து வையுங்கள்.

ராம் விலை மாற்றிய கணக்கு

இரண்டு வருடம் முன்பு என்றால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி போயிருக்கும். "கொஞ்சம் கூடப் போட்டு ஏ.எம்.5-க்கே போய்விடுங்கள், 2027-க்கு அப்புறமும் அந்தச் சாக்கெட் இருக்கும்" என்று சொல்லியிருக்கலாம். 2022 செப்டம்பரில் வந்த ஏ.எம்.5 நல்ல சாக்கெட்தான். ஆனால் அதற்கு டி.டி.ஆர்.5 ராம் கட்டாயம்.

செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் ராம் சிப்புகளை அள்ளிக்கொண்டு போக, 2025-ன் நடுவில் இருந்த விலை ஆண்டுக் கடைசியில் இரண்டு மடங்கைத் தாண்டியது. க்ரூஷியல் என்ற பெயரில் வீட்டு உபயோகத்துக்கு ராம், எஸ்.எஸ்.டி. விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. உற்பத்தியாளர்கள் டி.டி.ஆர்.4-ஐக் குறைத்துவருவதால் அதன் விலையும் ஏறியது. ஆகவே உங்கள் பழைய போர்டில் உட்கார்ந்திருக்கும் அந்த 16 ஜி.பி. டி.டி.ஆர்.4, நீங்கள் வாங்கியபோது இருந்ததைவிட இன்று மதிப்பான பொருள். அதைக் கழற்றி எக்ஸ்சேஞ்சில் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

செட்டையே மாற்றுவது எங்கே போய் நிற்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். புதிய பிராசசருக்குப் புதிய போர்டு, போர்டுக்குப் புதிய ராம், புதிய சாக்கெட்டுக்குப் பழைய கூலர் பொருந்தாமல் போகலாம். எட்டு வருடம் ஓடிய எஸ்.எம்.பி.எஸ்.ஸை அத்தனை புதுப் பொருளுக்கு நம்பிக் கொடுக்க மனசு வராது. எல்லாவற்றின் மேலும் 18 சதவீத ஜி.எஸ்.டி. பத்தாயிரத்தில் ஆரம்பித்த பேச்சு அரை லட்சத்தை நோக்கிப் போவது இப்படித்தான். இதில் கிராபிக்ஸ் கார்டு இன்னும் வரவே இல்லை.

ஜி.டி.ஏ. 6-க்காக இப்போதே செட்டை மாற்றத் துடிக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அறிவித்த தேதி 2026 நவம்பர் 19. அதுவும் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டுக்கும்தான். கம்ப்யூட்டருக்கு அந்த அறிவிப்பில் இடமே இல்லை. 2013-ல் கன்சோலுக்கு வந்த ஐந்தாம் பாகம் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தது 2015-ல். அதற்கென்று இன்று வாங்கும் பிராசசர், அது வரும்போது பழையதாகிவிடும்.

> பெட்டிச் செய்தி: விண்டோஸ் 11 கதவு
>
> இன்டெல்லில் 8-ம் தலைமுறை முதல், ரைசனில் 2000 வரிசை முதல்தான் அதிகாரபூர்வப் பட்டியல். 2000 வரிசை என்று பெயர் இருந்தாலும் 2200ஜி, 2400ஜி இரண்டும் அதில் இல்லை.
>
> விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு இல்லை என்று செட் சொன்னால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். பல போர்டுகளில் அது பயாஸுக்குள் அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.
>
> விண்டோஸ் 11-ல் வேலரண்ட் விளையாட டி.பி.எம்.-மும் செக்யூர் பூட்டும் கட்டாயம். 2025 அக்டோபரில் வந்த பேட்டில்ஃபீல்டு 6-க்கும் செக்யூர் பூட் தேவை.
>
> விண்டோஸ் 10-லேயே இருப்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைச் சேமித்து வைத்தால் கட்டணமில்லை.

பகலில் கேட், ராத்திரியில் கேம்

கொங்கு நாட்டில் இந்த முடிவுக்கு இன்னொரு முகம் உண்டு. சென்னையிலோ பெங்களூரிலோ கேமிங் செட் பெரும்பாலும் பொழுதுபோக்குப் பொருள். இங்கே அதே பெட்டி பகலில் சம்பாதிக்கிறது. கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் சி.என்.சி. ஜாப் ஒர்க் எடுக்கும் பட்டறைக்கு வரைபடம் போடுவது, திருப்பூரில் எம்பிராய்டரி டிசைன், ஈரோட்டில் கல்யாண வீடியோ எடிட்டிங் என்று குடும்பத்துக்கு ஒரு வேலை அதில் ஓடுகிறது. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரமும் சேர்ந்து மின்மோட்டார் செய்து காட்டிய ஊரில், வீட்டுக்கு வரும் இயந்திரத்தைச் சும்மா இருக்க விடமாட்டார்கள்.

ஆகவே கேமுக்கு எது வேண்டும் என்பதோடு, வேலைக்கு எது வேண்டும் என்பதையும் கேட்க வேண்டும். கேட் (CAD) என்ற வரைபட மென்பொருளில் மாடலைச் சுழற்றி, திருத்தி வேலை செய்யும்போது ஒற்றைக் கோரின் வேகமே பெரும்பாலும் பேசும். வீடியோ ஏற்றுமதியும் ரெண்டரிங்கும் இருக்கிற கோர் எல்லாவற்றையும் தின்னும். கல்யாண சீசனில் ஒரு வீடியோ முடிய இரவெல்லாம் ஆகிறது, எட்டு கோர் போட்டால் பாதி ராத்திரியில் முடியும் என்றால், அந்த வீட்டில் 5700எக்ஸ் செலவே ஆகாது. அடுத்த ஆர்டரில் திரும்பி வந்துவிடும். செட்டை மொத்தமாக மாற்றுவதற்கும் நியாயம் இருப்பது இந்த வீடுகளில்தான். இன்ஜினியரிங் முதல் வருடம் படிக்கும் பிள்ளைக்கு அந்த நியாயம் இன்னும் வரவில்லை. அவன் ப்ராஜெக்டுக்கு என்ன மென்பொருள் என்று தெரிந்த பிறகு பார்க்கலாம்.

இந்தப் பேச்சு வீட்டில் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்பது என் ஆசை. கேமுக்காகத்தான் வேண்டும் என்று சொன்னால் அப்பா மறுப்பார் என்று பயந்து, படிப்புக்கு என்று சொல்லி வாங்கவைக்கும் பிள்ளைகள் உண்டு. கேம் ஆடுவது குற்றமில்லை. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடைசெய்தபோதே இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரித்தது. அளந்த எண்களைக் காட்டி, இவ்வளவு செலவில் இவ்வளவு முன்னேற்றம் என்று மகன் சொன்னால், தோட்டத்துக்கு மோட்டார் வாங்கிய அப்பாவுக்கு அந்தக் கணக்கு அவனைவிட நன்றாகவே புரியும்.

செகண்ட் ஹேண்டில் கண் வேண்டும்

பழைய பிராசசர் வாங்குவதில் பெரிய ஆபத்து இல்லை. கார்டைவிட, போர்டைவிட அது நம்பகமான பொருள். ஒரு விதிவிலக்கு உண்டு. இன்டெல் 13, 14-ம் தலைமுறையின் ஐ7, ஐ9 போன்ற வகைகளில் மின்னழுத்தக் கோளாறால் சில பிராசசர்களே நிரந்தரமாகச் சேதமாயின. 2024 ஆகஸ்டில் திருத்தம் தந்து, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது இன்டெல். திருத்தம் மேற்கொண்டு கெடாமல் தடுக்குமே தவிர, ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. அந்த வகைகளை யாராவது மலிவாகக் கொடுத்தால் பில்லைக் கேளுங்கள்.

2014, 2016 காலத்து சர்வர்களிலிருந்து கழற்றிய ஜியான் பிராசசரைச் சீன போர்டில் வைத்து விற்கும் செட்டுகளும் சுற்றுகின்றன. பதினான்கு கோர் என்று எண் பெரிதாகத் தெரியும். ஒவ்வொரு கோரும் மெதுவானது. கேமுக்கு அது உதவாது.

கரண்ட் போகும் நேரம்

மாற்றும் வேலையை வீட்டிலேயே செய்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், சந்தோஷமான விஷயம். இரண்டு இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். ஏ.எம்.4-ல் பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும்; புதியதைப் போட்ட பிறகு திரையே வராமல் போகலாம். அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் போர்டு உயிர்விடும். யு.பி.எஸ். இல்லாமல் தொடாதீர்கள், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு என்றைக்கு என்று செய்தித்தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கூலரைக் கழற்றுவது. ஏ.எம்.4-ல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் பசையாகப் பிடித்து, கூலரை இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டைவிட்டுப் பிய்த்துக்கொண்டு வரும், பின் வளையும். செட்டைப் பத்து, பதினைந்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடம் வலமாகத் திருகி எடுத்தால் சுலபமாக வரும்.

கழற்றியதை என்ன செய்வது?

2022-ல் உலகம் கொட்டிய மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது அதில் 22.3 சதவீதம்தான். பின்களில் இருக்கும் துளித் தங்கத்துக்காகப் பழைய பிராசசர்களை அமிலத்தில் போடும் இடங்களும் இந்த நாட்டில் இருக்கின்றன. அந்தப் புகையைச் சுவாசிப்பது ஏழைக் குழந்தைகள். பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போடுவதற்கு முன் அதை நினைத்துப் பாருங்கள்.

ரைசன் 5 1600-ஐயோ 2600-ஐயோ கழற்றினால் அதற்கு இன்னும் நிறைய ஆயுள் இருக்கிறது. புதிய பிராசசர் வந்த பிளாஸ்டிக் உறையில் பின் வளையாமல் வைத்து, கிராபிக்ஸ் கார்டு உள்ள ஏ.எம்.4 செட்டில் இரண்டு கோர் அத்லான் வைத்துத் திணறும் உறவுக்காரப் பிள்ளைக்குக் கொடுங்கள். இன்டெல் 7-ம் தலைமுறை செட்டை முழுதாகவே ஓரங்கட்டுகிறீர்கள் என்றால் ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் மின்ட் ஏற்றிவிடுங்கள். வேலரண்ட் அதில் ஓடாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாடம் பார்க்கவும், பைத்தான் எழுதிப் பழகவும், வீட்டுக் கணக்குப் போடவும் அந்த நான்கு கோர் தாராளம்.